மேன் பக்கம் திருத்துவது துக்கடா வேலை இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரி மாணவர்கள் கட்டற்ற மென்பொருளுக்குள் எப்படி நுழைவது என்று உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த கட்டுரை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நிரல் எழுத வராதவர்கள் ஆவணங்களில் எழுத்துப் பிழை, வடிவமைப்புக் குறி மாதிரியானவற்றைத் திருத்திக்கொண்டிருக்கலாம் என்று போகிற போக்கில் ஒரு வரி இருந்தது பாருங்கள், அதற்காகத்தான் இந்தக் கடிதம். மற்ற ஆவணங்களை விடுங்கள். லினக்ஸ், பிஎஸ்டி கணினிகளில் 'மேன்' என்று அடித்து ஒரு கட்டளையின் பெயரைக் கொடுத்தால் திரையில் வருமே, அந்தக் கையேட்டுப் பக்கங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், எனக்குக் கொஞ்சம் பழகிய இடம் அது.

லினக்ஸ், பிஎஸ்டிக்கு முன்னோடியான யூனிக்ஸின் முதல் கையேடு 1971 நவம்பர் தேதியிட்டது, கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் எழுதியது. இன்றைக்கும் இந்தப் பக்கங்களின் மூலக் கோப்பு அந்தக் காலத்து ரோஃப் என்ற உரை வடிவமைப்பு மொழிக் குடும்பத்தில்தான் இருக்கிறது, இப்போது நாம் பயன்படுத்தும் மேன் மேக்ரோக்கள் (பல குறிகளைச் சேர்த்த சுருக்கக் கட்டளைகள்) 1979-இல் ஏழாம் பதிப்பு யூனிக்ஸோடு வந்தவை. விதி சுலபம்தான்: வரியின் தொடக்கத்தில் புள்ளி இருந்தால் அந்த வரி ரோஃபுக்கான ஒரு கட்டளை, பேக்ஸ்லாஷ் வந்தால் அடுத்து வருவது சிறப்புக் குறி. இந்தக் குடும்பத்து ட்ரோஃப் என்ற நிரல் பெல் ஆய்வகத்தில் ஒளி அச்சுக்கோப்பு எந்திரத்துக்காக எழுதப்பட்டது, நாமோ டெர்மினலில், அதாவது கட்டளை அடிக்கும் திரையில் படித்து, அங்கிருந்தே காப்பி எடுத்து, அங்கேயே ஒட்டி ஓட்டுகிறோம். தொல்லையில் பாதி இங்கிருந்து வருவதுதான்.

உதாரணத்துக்கு அந்தச் சின்னக் கோடு. மூலக் கோப்பில் வெறும் - என்று போட்டால் ரோஃபுக்கு அது இரண்டு சொற்களை இணைக்கும் சிறுகோடு. கட்டளையின் தெரிவுகளுக்கு (ஆப்ஷன்) முன்னால் வருகிற கோடு வேண்டுமென்றால் \- என்று எழுத வேண்டும். நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு எழுத்து. குறி தப்பாக இருக்கும் பக்கத்திலிருந்து, கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையை அதன் தெரிவோடு காப்பி எடுத்து ஒட்டினால், அந்தப் பெயரில் கோப்பு எதுவும் இல்லை என்று பதில் வரும், ஏனென்றால் எல்எஸ் அதைத் தெரிவாக நினைக்காமல் கோப்பின் பெயர் என்று எடுத்துக்கொள்கிறது. பக்கத்துக்குள்ளேயே அந்தத் தெரிவைத் தேடினாலும் சிக்காது, நம் கீபோர்டில் இருக்கும் கோடு அங்கே இல்லையே. படிக்கிறவர் தனக்குத்தான் லினக்ஸ் வரவில்லை என்று நினைத்துக்கொள்வார், பாவம்.

ரொம்ப நாளாக இந்தப் பிழை வெளியே தெரியாமல் இருந்ததற்குக் காரணம், மேன் மேக்ரோக்கள் இரண்டையும் கீபோர்டுக் கோடாகவே மாற்றிக் காட்டி மூடி மறைத்ததுதான். லினக்ஸில் இந்தப் பக்கங்களை வடிவமைத்துக் காட்டும் குரோஃப் நிரலின், 2023 ஜூலையில் வந்த 1.23.0 பதிப்பு அந்த மறைப்பை எடுத்துவிட்டது. டெபியன் போன்ற டிஸ்ட்ரோக்கள் (லினக்ஸ் தொகுப்புகள்) பயனர் திட்டுவாரே என்று தங்கள் அமைப்புக் கோப்பில் பழைய மாற்றத்தைத் திரும்பப் போட்டுக்கொண்டன. டிஸ்ட்ரோக்கள் செய்ததைக் குறை சொல்ல மாட்டேன், ஆயிரக்கணக்கான பக்கங்கள் ஒரே நாளில் கெட்டுப்போனால் அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும், ஆனாலும் குரோஃப் பக்கம்தான் நியாயம் என்பேன்.

சரி, எல்லாக் கோடுகளையும் ஒரே கட்டளையில் \- ஆக மாற்றிவிட்டால் போச்சு என்று தோன்றும். தயவுசெய்து செய்யாதீர்கள். அப்படிச் செய்தால் வாக்கியத்துக்குள் இருக்கும் சாதாரண இணைப்புச் சொற்களிலும் அந்தக் குறி ஏறிவிடும், நீளமான இணைப்புச் சொல் வரி முடிவில் அந்த இடத்தில் உடையாமல் அடம்பிடிக்கும், அப்புறம் யாராவது வந்து ஒவ்வொன்றாகத் திரும்ப மாற்ற வேண்டும். எந்தக் கோடு கட்டளையைச் சேர்ந்தது, எது ஆங்கில வாக்கியத்தைச் சேர்ந்தது என்பது வாக்கியத்தைப் படித்தால்தான் தெரியும். அதனால்தான் சொல்கிறேன், இது நிரல் தெரியாதவர்களுக்கு ஒதுக்கிக் கொடுக்கிற வேலை இல்லை, அந்தக் கட்டளை என்ன செய்கிறது என்று புரிந்தவர்தான் செய்ய முடியும்.

கோடாவது கண்ணுக்குத் தெரிகிறது, மொத்த வரியே காணாமல் போகிற கதையும் உண்டு. பத்தியை அழகுபடுத்துகிறேன் என்று எடிட்டரில் வரிகளை மடித்துவிடுகிறார்கள், மடித்ததில் புள்ளியில் தொடங்கும் கோப்புப் பெயர் ஒன்று, ப்ரொஃபைல் கோப்பு என்றே வைத்துக்கொள்வோம், வரியின் முதலில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ரோஃப் அதை மேக்ரோ என்று நினைத்துத் தேடும், கிடைக்காது, அந்த வரியையே விட்டுவிட்டுப் போய்விடும். எந்தக் கோப்பைத் திருத்த வேண்டும் என்று சொல்கிற வரியே அதுவாக இருந்தால்? அச்சான பக்கத்தை மட்டும் படிப்பவருக்கு அங்கே ஒரு வரி இருந்ததே தெரியாது. புள்ளிக்கு முன்னால் \& என்று இரண்டு எழுத்து போட்டால் சரியாகிவிடும். ஒற்றை மேற்கோள் குறியில் தொடங்கும் வரிக்கும் இதே ஆபத்து உண்டு.

உரையைத் திரையில் காட்டும் பிரிண்ட்எஃப் கட்டளையின் உதாரணங்கள் இன்னும் வேடிக்கை. புது வரிக்கான பேக்ஸ்லாஷ் என்-ஐ அப்படியே எழுதிவிட்டால், ரோஃபுக்கு அது ஒரு எண்ணை எடுத்துப் போடச் சொல்கிற குறி. பக்கத்தில் இருக்கும் இரட்டை மேற்கோளையும் சேர்த்து விழுங்கிவிட்டு அங்கே ஒரு 0 வந்து நிற்கும். மாணவர் அதைப் பார்த்து அப்படியே அடித்தால், மேற்கோள் மூடாமல், கட்டளையை வாங்கி ஓட்டும் ஷெல் காத்துக்கொண்டே இருக்கும்.

தடித்த எழுத்தை மூட மறந்து பத்தி முடிவு வரைக்கும் தடித்துப்போவது, உதாரணத்துக்குப் பின் வரி நிரப்புவதைத் திரும்ப ஆரம்பிக்க மறப்பது எல்லாம் பார்த்தவுடன் தெரிகிற பிழைகள், பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தெரியாத பிழை பக்கத்தின் உச்சியில் இருக்கும் பெயர்ப் பகுதி. கட்டளையின் பெயர், ஒரு கோடு, ஒரு வரி விளக்கம், அவ்வளவுதான் அங்கே இருக்க வேண்டும். அந்த வரியைத்தான் நிரல் ஒன்று வாசித்து அப்ரோபோஸ், வாட்இஸ் என்ற கையேட்டுத் தேடல் கட்டளைகளுக்கான பட்டியலில் சேர்க்கிறது. அங்கே போய் யாராவது அலங்காரம் செய்து வடிவத்தைக் கெடுத்தால் பக்கம் பார்க்க அம்சமாக இருக்கும், தேடினால் மட்டும் வராது.

இதில் இறங்குகிற மாணவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, அந்தப் பக்கம் கையால் எழுதியதா, வேறு எதிலிருந்தோ உருவானதா என்பது. பாட்டுமேன், ஹெல்ப்டுமேன் போன்ற கருவிகள் உருவாக்கிய கோப்பின் தலையிலேயே பெரும்பாலும் அது எழுதியிருக்கும். அதைத் திருத்தி அனுப்புவது வீண், அடுத்த வெளியீட்டில் பழையபடி வந்துவிடும், மூலத்தில்தான் கை வைக்க வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர்களையும் கொஞ்சம் நினைக்க வேண்டும். மேன் பக்கங்களின் மொழிபெயர்ப்புகள் பலவும் போ4ஏ என்ற கருவி வழியாகப் போகின்றன. அது பக்கத்தைப் பத்தி பத்தியாக வெட்டி, தடித்த எழுத்து, சாய்வெழுத்து எல்லாவற்றையும் தன் குறியில் போட்டுத்தான் மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும். ஆங்கிலத்தில் ஒரு சொல்லைத் தடிக்க வைத்தாலே போதும், எல்லா மொழிகளிலும் அந்தப் பத்தி சந்தேகத்துக்குரியது என்று குறிக்கப்பட்டு, யாராவது பார்த்து ஒப்புக்கொள்ளும் வரை ஆங்கிலமாகவே தெரியும். ஒரு பக்கத்தின் மொழிபெயர்ப்பு 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால், அமைப்பை மாற்றாத வரை, கருவி அந்தப் பக்கத்தையே உருவாக்காது. ஆகவே இன்றைக்கு ஒரு குறி, அடுத்த வாரம் ஒரு குறி என்று சொட்டுச் சொட்டாக அனுப்பாமல் ஒரு பக்கத்தை முழுக்கப் பார்த்து ஒரே தடவையில் அனுப்புவது புண்ணியம்.

அக்டோபர் 2020-இல் கட்டற்ற மென்பொருளுக்குப் பங்களிக்க அழைக்கும் ஹேக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வின் சமயத்தில், நான்கு புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) அனுப்பினால் டி-ஷர்ட் என்றதும் அர்த்தமில்லாத மாற்றங்கள் வந்து குவிந்து, விருப்பம் தெரிவித்த திட்டங்களுக்கு மட்டும் என்று நடுவிலேயே விதியை மாற்ற வேண்டி வந்தது உங்கள் வாசகர்கள் சிலருக்கு நினைவிருக்கலாம். வடிவமைப்புக் குறி என்றாலே பராமரிப்பாளர்கள் முகம் சுளிப்பதற்கு இந்த மாதிரி அனுபவங்களும் ஒரு காரணம். ஆகவே அடுத்த கட்டுரையில் இதையும் சேர்த்து எழுதுங்கள்: அனுப்புவதற்கு முன் குரோஃபை எல்லா எச்சரிக்கைகளையும் காட்டச் சொல்லி ஓட்டிப் பார்க்க வேண்டும், மேன்டாக் என்ற இன்னொரு கருவியின் லின்ட் என்ற பிழைச் சோதனையும் இருக்கிறது, இரண்டும் இலவசம். திருத்துவதற்கு முன்னும் பின்னும் பக்கத்தை உரையாக எடுத்து இரண்டையும் டிஃப் போட்டு (வேறுபாடு பார்த்து), திரையில் என்ன மாறுகிறது என்பதைப் பேட்ச்சோடு (அனுப்பும் திருத்தக் கோப்போடு) சேர்த்து எழுத வேண்டும். எதுவுமே மாறவில்லை என்றால் அதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது, பராமரிப்பாளர் வேண்டுமென்றால் எடுத்துக்கொள்வார்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருநெல்வேலி.