காய்த்துப்போன குரல்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். 26 ஆண்டுகள் தமிழாசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். 8ஆம் வகுப்பில் ‘எழுத்துகளின் பிறப்பு’ என்று ஓர் இலக்கணப் பாடம் உண்டு. உயிரும் இடையினமும் கழுத்தில் பிறக்கும், வல்லினம் மார்பில், மெல்லினம் மூக்கில் என்று வருஷா வருஷம் நடத்தியிருக்கிறேன். கழுத்துக்குள் அப்படி என்னதான் நடக்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. தொண்டை கட்டி, இரண்டு மாதமாகியும் குரல் திரும்பாதபோதுதான் யோசித்தேன்.

காது மூக்கு தொண்டை மருத்துவர் என் நாக்கைத் துணியால் பிடித்துக்கொண்டு, கேமரா பொருத்திய குழலை வாய்க்குள் விட்டு, “ஈ... என்று இழுங்கம்மா” என்றார். திரையில் வெள்ளையாக இரண்டு பட்டைகள். மூச்சு இழுத்தால் கவட்டை போல விரிந்தன, குரல் கொடுத்தால் ஒட்டிக்கொண்டன. இரண்டின் விளிம்பிலும் எதிரெதிரே நொய்யரிசி அளவில் ஒரு தடிப்பு. “மண்வெட்டி பிடித்த கை காய்த்துப்போகும் இல்லையா, அது மாதிரிதான்” என்றார்.

அந்த இரண்டு பட்டைகள்தான் குரல் நாண்கள். நுரையீரலிலிருந்து வரும் காற்று, மூடியிருக்கும் நாண்களைத் தள்ளித் திறக்கிறது. திறந்த வேகத்தில் அவை மறுபடி மூடிக்கொள்கின்றன. சாதாரணமாகப் பேசும்போதே ஆண்களுக்கு நொடிக்கு 100 முதல் 130 தடவை, பெண்களுக்கு ஏறக்குறைய 200 தடவை இப்படி நடக்கிறது. ஒரு பாடவேளையில் பத்தே நிமிடம்தான் குரல் அதிர்ந்தது என்று வைத்துக்கொண்டாலும் ஓர் ஆசிரியைக்கு 1,20,000 மோதல்கள்! கத்திப் பேசினால் ஒவ்வொரு மோதலும் இன்னும் பலமாக விழும். காய்க்காமல் என்ன செய்யும்?

நாண்களில் எழுவது வெறும் ரீங்காரம். அதை ‘அ’ ஆகவும் ‘ம’ ஆகவும் ஆக்குவது நாக்கும் அண்ணமும் உதடும் மூக்கும். குரல்வளையில் விரலை வைத்து ‘ஸ்ஸ்’ என்று சொல்லிப் பாருங்கள், அதிர்வே இருக்காது. ‘ம்ம்’ என்றால் விரல் துடிக்கும். இதைப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டியிருந்தால் அந்தப் பாடத்தை யாரும் மனப்பாடம் செய்திருக்க வேண்டாம். இன்றும் எனக்கு அந்த வருத்தம் உண்டு.

குரல் போன நாட்களில் நான் செய்ததெல்லாம் தவறு. நிமிடத்துக்கு ஒருமுறை தொண்டையைச் செருமினேன்; செருமும்போது நாண்கள் ஓங்கி மோதிக்கொள்கின்றன. குரலுக்கு ஓய்வு என்று நினைத்துக் கிசுகிசுத்தேன். இறுக்கிப் பிடித்துக் கிசுகிசுப்பதும் தொண்டைக்குச் சிரமம்தான். பனங்கற்கண்டுப் பால் இதமாக இருந்தது, ஆனால் நாம் விழுங்கும் எதுவும் குரல் நாண்களில் படுவதில்லை. பட்டால் புரையேறிவிடும். தண்ணீர் குடிப்பது நல்லது, ஆனால் அது உடம்பில் சேர்ந்து, அப்புறம்தான் நாண்களுக்கு ஈரம் தருகிறது.

எனக்கு அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. பேச்சுப் பயிற்சியாளர் ஒரு டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை வைத்து, ‘ஊ’ என்று குரல் கொடுத்துக்கொண்டே குமிழி விடச் சொன்னார். சின்னப் பிள்ளை விளையாட்டு போலத் தெரிந்தாலும், நாண்கள் அடித்துக்கொள்ளாமல் மெதுவாக அதிரப் பழகுவது அதில்தான். மூன்று மாதத்தில் குரல் திரும்பியது.

ஆசிரியர் பயிற்சியில் கரும்பலகையில் எழுதுவதற்குக்கூடப் பயிற்சி தந்தார்கள். நாள் முழுக்கப் பயன்படுத்தப்போகும் குரலைப் பற்றி ஒரு மணி நேரம்கூட யாரும் பேசவில்லை. பயிற்சிக் கல்லூரிகள் இதைப் பாடமாகவே வைக்க வேண்டும். ஐம்பது அறுபது பிள்ளைகள் இருக்கும் வகுப்புக்கு ஒரு சிறிய மைக் தரலாம், பெரிய செலவில்லை. குரல் கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால், குறிப்பாகப் புகை பிடிப்பவர்கள், தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்; குரல்வளைப் புற்றுநோயும் இப்படித்தான் தொடங்கலாம்.

பள்ளி திறக்கும் முன் ஜூன் முதல் வாரத்திலேயே, ஒரு மருத்துவரையோ பேச்சுப் பயிற்சியாளரையோ கொண்டு இதைப் பற்றி விரிவான கட்டுரை ஒன்றை உங்கள் இதழில் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
கும்பகோணம்