மாலை 6 மணி பில்லும் புது சர்வரும்

அன்புள்ள வள்ளி,

அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மற்றதைப் படிக்க மனசு வந்தது. சொட்டு மருந்தை நேரத்துக்குப் போடுகிறாரா? கடைக்கு வரக் கூடாது என்று டாக்டர் சொன்னால் கேட்கிற ஆள் இல்லை அவர். நீதான் கொஞ்சம் கண்டிப்பாக இருக்க வேண்டும். மகள் பி.ஃபார்ம் சேர்ந்தது ரொம்ப சந்தோஷம். மூன்றாவது தலைமுறையும் மருந்துக்கே வந்துவிட்டது. அவளுக்கு என் வாழ்த்தைச் சொல்.

இங்கே எல்லோரும் நலம். அம்மா ஆடி மாதத்திலிருந்து எங்களோடுதான் இருக்கிறாள். மூட்டுவலி மட்டும் விடவில்லை. எனக்கு வேலை அதே வேலைதான்: மெதுவாக ஓடுகிற பிசினஸ் சாஃப்ட்வேரைத் திறந்து பார்த்து, நேரம் எங்கே போகிறது என்று கண்டுபிடிப்பது. இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் அலுக்கவில்லை. அதனால்தான் உன் கடிதத்தின் இரண்டாம் பாதியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

64 ஜிபி ரேம் போட்ட புது சர்வர் வாங்கச் சொல்லி உங்கள் சாஃப்ட்வேர்க்காரர் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். இப்போதைக்கு வேண்டாம். காரணம் நீ அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டிலேயே இருக்கிறது. பில், ஸ்டாக் எல்லாம் சேமித்து வைக்கிற உங்கள் டேட்டாபேஸ் சாஃப்ட்வேர் எஸ்கியூஎல் சர்வர் 2019, எக்ஸ்பிரஸ் பதிப்பு. மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தருவது. இலவசம் என்பதால் அதற்குச் சில வரம்புகள் உண்டு. ஒரு டேட்டாபேஸ் 10 ஜிபிக்கு மேல் வளரக் கூடாது, ப்ராசஸரில் அதிகபட்சம் 4 கோர்தான் பயன்படுத்தும், டேட்டாவை ரேமில் வைத்துக்கொள்ள 1,410 எம்பிக்கு மேல் எடுக்காது. நீ 64 ஜிபி வாங்கிப் போட்டால் பெரும்பகுதி சும்மா கிடக்கும். நிறைய ஊர்களில் நிறைய முதலாளிகள் இந்தச் செலவைச் செய்துவிட்டு, மறுநாளும் அதே வேகத்தில் பில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அது வயிற்றெரிச்சலாக இருக்கும்.

நீ ஒரே மூச்சில் எழுதியிருக்கும் புகார்களைப் பிரித்துப் பார்த்தேன். மாலை 6 மணிக்கு மேல் எல்லாக் கவுண்டரும் சேர்ந்து நின்றுவிடுகிறது. ஏப்ரலில் நன்றாக ஓடுவது மார்ச் வருவதற்குள் ஊர ஆரம்பிக்கிறது. நாகர்கோவில் கிளையில் எப்போதுமே மெதுவு. மூன்றாம் கவுண்டரில் மட்டும் பில் திரை திறக்கவே நேரமாகிறது. நீ எல்லாவற்றையும் சேர்த்து "சிஸ்டம் ஸ்லோ" என்று எழுதியிருக்கிறாய். என் கண்ணுக்கு இவை நாலும் தனித்தனிப் பிரச்சினைகள். எப்போது, எங்கே, யாருக்கு மெதுவாக இருக்கிறது என்று தெரிந்தாலே காரணத்துக்குப் பாதி தூரம் வந்துவிடலாம்.

மாலை 6 மணிதான் பெரிய தொல்லை என்கிறாய். உங்களிடம் மொத்தமாக மருந்து வாங்குகிற கடைக்காரர்கள் எல்லோரும் அந்த நேரத்தில் ஆர்டர் சொல்வதால் நெரிசல் இருக்கத்தான் செய்யும். ஆனால் எட்டு கம்ப்யூட்டருக்கு ஒரு டேட்டாபேஸ் திணறுவதற்கு நியாயமே இல்லை. கோவைப் பக்கம் உதிரிபாக மொத்த வியாபாரம் செய்கிற ஒரு நிறுவனத்தில் அச்சு அசலாக இதையே பார்த்தேன். 2023 ஆகஸ்ட் 1 முதல், ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிய எல்லோருக்கும் ஈ-இன்வாய்ஸ் கட்டாயமானது இல்லையா, அவர்களுடைய சிரமமும் அங்கிருந்துதான் தொடங்கியிருந்தது. வியாபாரிக்குப் போடுகிற ஒவ்வொரு பில்லையும் அரசுப் போர்ட்டலுக்கு அனுப்பி, ஐஆர்என் என்கிற 64 எழுத்துப் பதிவு எண்ணும் கியூஆர் கோடும் வாங்க வேண்டும். அந்த சாஃப்ட்வேர் எப்படி எழுதப்பட்டிருந்தது தெரியுமா? அடுத்த பில் எண்ணை எடுக்கும், அந்த எண் இருக்கிற இடத்தை வேறு யாரும் தொடாதபடி பூட்டும், பில்லைச் சேமிக்கும், போர்ட்டலுக்கு அனுப்பும், பதில் வரும்வரை காத்திருக்கும், பதில் வந்த பிறகுதான் பூட்டைத் திறக்கும். போர்ட்டல் பதில் சொல்ல 9 விநாடி எடுத்தால், மற்ற கவுண்டர்கள் எல்லாம் அந்த 9 விநாடியும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அடுத்தவர் முறை வந்ததும் மறுபடி அதே கதை. காலையில் ஒருவர் மட்டும் பில் போடும்போது இது யாருக்கும் தெரியாது.

இந்த மாதிரி நிலைமையில் சர்வர் மாற்றினால் என்ன கிடைக்கும் என்று கணக்குப் போட்டுப் பார். ஒரு பில்லுக்கு 10 விநாடி, அதில் 9 விநாடி போர்ட்டலுக்காகக் காத்திருப்பது, 1 விநாடிதான் சர்வரின் வேலை. இரண்டு மடங்கு வேகமான சர்வர் வாங்கினால் 10 விநாடி 9.5 ஆகும். அவ்வளவுதான். கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967இலேயே முன்வைத்த வாதத்தின் சாரம் இது: ஒரு பகுதியை எவ்வளவு வேகப்படுத்தினாலும், வேகப்படுத்தாத மிச்சம்தான் மொத்த நேரத்தைத் தீர்மானிக்கும்.

இப்படிப் பூட்டியதற்கு அந்த புரோகிராமரிடம் நியாயமான காரணம் இருந்தது. ஜிஎஸ்டி விதிப்படி பில் எண் இடைவெளி இல்லாமல் வரிசையாக வர வேண்டும். இரண்டு பில்லுக்கு ஒரே எண் விழுந்துவிடக் கூடாது, நடுவில் ஒரு எண் காணாமல் போய்விடவும் கூடாது என்று பயந்திருக்கிறார். நாங்கள் உட்கார்ந்து பேசி வரிசையை மாற்றினோம். எண்ணை எடு, பில்லைச் சேமி, உடனே பூட்டைத் திற. ஐஆர்என் வாங்குகிற வேலையைத் தனி வரிசையில் போடு, பதில் வந்ததும் பிரிண்ட் அடி. போர்ட்டல் நிராகரித்தால் அந்த பில் 'நிலுவை' என்று தனித் திரையில் வந்து நிற்கும், சரிசெய்து மறுபடி அனுப்பலாம். கியூஆர் வேண்டும் என்பதால் பிரிண்ட் சில விநாடி தாமதமாகத்தான் வரும். ஆனால் அதற்குள் கவுண்டரில் அடுத்த பில்லைத் தட்ட ஆரம்பித்துவிடலாம். உங்களிடமும் இதுதானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பார்ப்பது சுலபம். 6 மணிக்கு எல்லாம் நிற்கிற நேரத்தில் டேட்டாபேஸில் அந்த நொடி என்ன நடக்கிறது என்று காட்டுகிற ஆக்டிவிட்டி மானிட்டரை உங்கள் ஆளைத் திறக்கச் சொல். அதில் 'பிளாக்டு பை' என்று ஒரு பத்தி இருக்கும். எல்லா வரியும் ஒரே எண்ணைக் காட்டினால், எல்லோரும் அந்த ஒருவருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அப்புறம் மார்ச் மாதக் கதை. கணக்கு வருஷம் பிறந்ததும் வேகமாகி, போகப்போக ஊர்கிறது என்றால், டேட்டா கூடக்கூட வேலையும் கூடுகிறது. ஏப்ரலில் புது டேட்டாபேஸ் தொடங்குகிறீர்கள் என்பதால் அப்போது தெரிவதில்லை. ஒரு மருந்தின் பெயரைத் தட்டியதும் பேட்ச் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) வாரியாக ஸ்டாக் வருகிறதே, அதை எப்படிக் கணக்கிடுகிறது என்று கேள். ஏப்ரல் 1 முதல் வந்த கொள்முதல் எல்லாவற்றையும் கூட்டி, விற்றதையெல்லாம் கழித்து, எக்ஸ்பயரியில் திரும்பியதையும் சேர்த்து ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கணக்குப் போட்டால் மார்ச்சில் அது தாங்காது. பேட்ச் வாரியாக இன்றைய ஸ்டாக்கை ஒரு தனி டேபிளில் வைத்து, ஒவ்வொரு பில்லோடும் அதே மூச்சில் திருத்திவிட வேண்டும். இரவில் ஒரு முறை முழுக்கணக்கும் போட்டு அந்த டேபிளோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்க வேண்டும். இந்த இரவுச் சரிபார்ப்பை மட்டும் விட்டுவிடாதே. மருந்து ஸ்டாக்கில் தப்பு வந்தால் வேகத்தால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

தேடலிலும் ஒரு விஷயம் இருக்கிறது. உங்கள் குடோனில் மருந்தை அகர வரிசையில்தானே ரேக்கில் அடுக்குகிறீர்கள்? 'பாரா' என்று தொடங்குவதை எடுக்கச் சொன்னால் பையன் நேரே பி ரேக்குக்குப் போவான். பெயருக்குள் எங்கேயாவது '650' இருப்பதை எல்லாம் எடுத்துவா என்றால் எல்லா ரேக்கையும் பார்த்தாக வேண்டும். டேட்டாபேஸின் இண்டெக்ஸும் அப்படித்தான். ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்ரைட்டும் போயிங் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கி 1972இல் கட்டுரையாக வெளிவந்த பி-மரம்தான் இன்றைக்கும் பெரும்பாலான டேட்டாபேஸ்களில் இண்டெக்ஸாக இருக்கிறது. ஒரு கோடி வரி இருந்தாலும் மூன்று நாலு படி இறங்கினால் தேடியது கிடைத்துவிடும். எனக்கு இன்றும் வியப்பு தருகிற கண்டுபிடிப்பு அது. ஆனால் 'நடுவில் எங்கேயாவது' என்று தேடினால் அந்தப் படிகள் உதவாது, முழுப் பட்டியலையும் வாசிக்க வேண்டும். உங்கள் திரை ஒவ்வொரு எழுத்து தட்டும்போதும் அப்படித் தேடுகிறதா என்று பார்க்கச் சொல். தேதியிலும் இதே தவறு நடக்கும். பில் தேதியிலிருந்து மாதத்தைப் பிரித்தெடுத்து ஒப்பிட்டால் இண்டெக்ஸ் இருந்தும் பயனில்லை. 'மார்ச் 1 முதல், ஏப்ரல் 1க்கு முன் வரை' என்று கேட்டால் நேரே போய் எடுத்துவிடும். வேகம் வேண்டும் என்று எல்லாப் பத்திக்கும் இண்டெக்ஸ் போடவும் விடாதே. ஒவ்வொரு பில்லைச் சேமிக்கும்போதும் அத்தனை இண்டெக்ஸையும் திருத்த வேண்டியிருக்கும்.

நாகர்கோவிலுக்கு இன்டர்நெட் வேகத்தைக் கூட்டினோம், ஒன்றும் மாறவில்லை என்று எழுதியிருந்தாய். மாறாது. 40 மருந்து உள்ள ஒரு பில்லை எடுத்துக்கொள். ஒவ்வொரு மருந்துக்கும் விலை, ஸ்டாக், வரி, தள்ளுபடி என்று சாஃப்ட்வேர் நாலு முறை தனித்தனியாக சர்வரைக் கேட்டால் மொத்தம் 160 கேள்வி. சர்வர் இருக்கிற திருநெல்வேலி அலுவலகத்துக்குள் ஒரு கேள்வி போய் வர அரை மில்லிவிநாடி என்றால் எல்லாம் சேர்ந்து 0.08 விநாடி, யாருக்கும் தெரியாது. கிளையிலிருந்து விபிஎன் (இன்டர்நெட்டுக்குள் போட்ட தனிப் பாதை) வழியாகப் போய் வர 40 மில்லிவிநாடி என்று வைத்துக்கொண்டால் 6.4 விநாடி. நீ காசு கொடுத்துக் கூட்டியது ஒரே நேரத்தில் எவ்வளவு டேட்டா போகலாம் என்பதை. ஒவ்வொரு கேள்வியும் போய்த் திரும்புகிற நேரம் அதனால் குறையாது. 40 மருந்துக்கும் சேர்த்து ஒரே கேள்வியாகக் கேட்கும்படி மாற்றச் சொல். அதுவரைக்கும், கிளைக்காரர்கள் ரிமோட் டெஸ்க்டாப் வழியாகத் திருநெல்வேலியில் இருக்கிற ஒரு கம்ப்யூட்டரிலேயே வேலை செய்தால் சமாளிக்கலாம்.

மூன்றாம் கவுண்டருக்கு சாஃப்ட்வேரே காரணமாக இருக்காது. டிஃபால்ட் பிரிண்டராக இப்போது இல்லாத நெட்வொர்க் பிரிண்டர் எதுவும் இருக்கிறதா என்று பார். சில சாஃப்ட்வேர்கள் திரை திறக்கும்போதே பிரிண்டரைத் தேடி நிற்கும். கேபிளையும் மாற்றிப் பார். கேபிளுக்குள் நாலு ஜோடிக் கம்பி இருக்கும். ஜிகாபிட் வேகத்துக்கு நாலும் வேண்டும், 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு போதும். ஒன்று அறுந்தாலும் பல நேரம் இணைப்பு துண்டிக்காது, சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும்.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஒன்றைச் சொல்வேன். சர்வரில் இன்னும் சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால், சுழலும் பகுதியே இல்லாத எஸ்எஸ்டி போட்டுவிடு. நிமிஷத்துக்கு 7,200 சுற்று சுற்றுகிற டிஸ்கில் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவிநாடி. சிதறிக் கிடப்பதைத் தேடி எடுக்க ஒவ்வொரு முறையும் சராசரியாக அதில் பாதி சுழற்சிக்காகவே போகும், டேட்டாவைப் படிக்கிற முள் நகர்கிற நேரம் தனி. புது சர்வரின் விலையில் இது சின்னச் செலவு.

வள்ளி, இதையெல்லாம் விட எனக்கு முக்கியமாகப் படுவது உன் கவுண்டரில் இருப்பவர்கள். 1982இல் ஐபிஎம் நிறுவனத்தில் டோகர்ட்டி, தடானி என்ற இருவர், கம்ப்யூட்டரின் பதில் ஒரு விநாடிக்குள் வர ஆரம்பித்தால் மனிதரின் வேலை வேகம் மிச்சமான நேரத்தைவிட அதிகமாகக் கூடுகிறது என்று எழுதினார்கள். காத்திருக்கும்போது நினைப்பு அறுந்துபோகிறது. எக்ஸ்பயரி தேதியும் பேட்ச் எண்ணும் பார்த்துப் பார்த்துப் போடுகிற இடத்தில் நினைப்பு அறுந்தால் ஆபத்து. எட்டரை மணி பஸ்ஸைப் பிடிக்க முடியாமல் போகிறது என்று கவுண்டர் அக்கா சொன்னதாக எழுதியிருந்தாயே, நான் இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு அதுதான் காரணம். ஒவ்வொரு கவுண்டரிலும் ஒரு நோட்டு வை. எந்தத் திரை, எத்தனை மணி, எவ்வளவு நேரம் நின்றது என்று அவர்களே எழுதட்டும். எங்கே மாட்டுகிறது என்று அவர்களுக்குத் தெரிகிற அளவு நம் யாருக்கும் தெரியாது.

சாஃப்ட்வேர்க்காரரிடம் கோபப்படாதே. அவருடைய கம்ப்யூட்டரில் இருநூறு பில் வைத்துச் சோதித்திருப்பார், அங்கே எல்லாம் பறந்திருக்கும். உங்கள் பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடு, முழு வருஷ டேட்டாவோடு அவர் பார்க்கட்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, முன்னும் பின்னும் அளக்கட்டும். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் எது உதவியது என்று தெரியாது.

நாளைக்கே அவரிடம் குவெரி ஸ்டோரை ஆன் செய்யச் சொல். எஸ்கியூஎல் சர்வர் 2019இல் அது தானாக ஆன் ஆகியிருக்காது, எக்ஸ்பிரஸிலும் வேலை செய்யும். எந்தக் குவெரி, அதாவது டேட்டாபேஸிடம் கேட்கிற எந்தக் கேள்வி, அதிக நேரம் எடுக்கிறது, எது பூட்டுக்காகக் காத்திருந்தது என்று அதுவே சேமித்து வைக்கும். ஒரு வாரம் ஓடியதும் அந்தத் திரையைப் படம் எடுத்து அனுப்பு. வாடிக்கையாளர் விவரம் எதுவும் எனக்கு வேண்டாம். அது வந்ததும் மூன்று பேரும் போனில் பேசிவிடுவோம். கொட்டேஷனுக்கு அதுவரை பதில் சொல்லாதே.

அப்பாவை விசாரித்ததாகச் சொல். அம்மா உனக்கு மாவடு போட்டு வைத்திருக்கிறாள், தீபாவளிக்கு வரும்போது எடுத்து வருகிறேன்.

அன்புடன்,
கலா