ஒரே ஓர் அளவீடு கோட்பாட்டைக் கவிழ்த்துவிடுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த அறிவியல் தத்துவக் கட்டுரை, தத்துவ அறிஞர் கார்ல் பாப்பரின் பொய்ப்பித்தல் கொள்கையை (பொய் என்று காட்ட வழியுள்ள கோட்பாடே அறிவியல் என்பதை)க் ‘கணிப்புக்கு மாறாக ஒரு சோதனை முடிவு வந்தால் கோட்பாடு அத்தோடு முடிந்தது’ என்று சுருக்கியிருக்கிறது. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் கத்தரித்து வைத்துக்கொள்ளும் பக்கம் அது. திருத்தாமல் விடக் கூடாது.

1781-இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டுபிடித்த யுரேனஸ், நியூட்டன் விதிப்படி போட்ட கணக்கிலிருந்து விலகிக்கொண்டே போனது. கட்டுரையின்படி பார்த்தால் நியூட்டனை அப்போதே கைவிட்டிருக்க வேண்டும். பிரான்சின் வானியலாளர் லெ வெரியே அப்படிச் செய்யவில்லை. விதி சரி, கோள்களின் பட்டியலில்தான் ஒன்று விடுபட்டிருக்கிறது என்று வைத்துக்கொண்டு, அந்தக் கோள் வானில் எங்கே இருக்கும் என்று கணக்கிட்டார். 1846 செப்டம்பர் 23 இரவு பெர்லின் வான் ஆய்வகத்தில் யோகான் காலே தேடியபோது, குறித்த இடத்திலிருந்து ஒரு பாகைக்குள்ளேயே நெப்டியூன் கிடைத்தது.

அதே லெ வெரியே 1859-இல் புதனுக்கும் அதே வழியைக் கையாண்டார். புதன் சூரியனை மிக நெருங்கும் புள்ளி மெல்ல நகர்கிறது. மற்ற கோள்களின் ஈர்ப்பால் வருவதைக் கழித்த பிறகும் நூற்றாண்டுக்கு 38 விகலை மிஞ்சியது. பின்னர் வானியலாளர் சைமன் நியூகோம் அதை 43 என்று திருத்தினார். ஒரு பாகையில் 3,600 விகலை என்றால் இது எவ்வளவு சிறிய மிச்சம் என்று புரியும். சூரியனுக்கருகே ‘வல்கன்’ என்றொரு கோள் இருக்கலாம் என்றார் லெ வெரியே. பார்த்துவிட்டதாகச் சிலர் சொன்னார்கள்; எதுவும் உறுதிப்படவில்லை. 1915 நவம்பரில் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல், புதுக் கோள் எதுவும் இல்லாமலே அந்த 43 விகலையைத் தந்தது. யுரேனஸ் விஷயத்தில் பட்டியல் மாறியது, புதன் விஷயத்தில் விதியே மாறியது. ஆனால் முரண்பாடு தெரியவந்த நாளில், எது எப்படி முடியும் என்று சொல்ல வழியே இல்லை.

காரணத்தை 1906-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் பியர் டூயம் சொல்லிவிட்டார். எந்தக் கருதுகோளும் தனியாகச் சோதனைக்குப் போவதில்லை. விதி, தொடக்க அளவுகள், கருவி சரியாக வேலை செய்கிறது என்ற நம்பிக்கை, வேறு விசை எதுவும் குறுக்கிடவில்லை என்ற அனுமானம், இத்தனையும் சேர்ந்துதான் ஒரு கணிப்பைத் தருகின்றன. கணிப்பு பொய்த்தால், இவற்றில் ஒன்றாவது தவறு என்பதுவரைதான் தர்க்கம் சொல்லும். எது தவறு என்று அது காட்டாது. இயற்பியலைப் பற்றி டூயம் சொன்னதை, 1951-இல் அமெரிக்கத் தத்துவ அறிஞர் குவைன் நம் அறிவு முழுவதற்கும் விரித்தார்.

அண்மைக் காலத்திலும் சான்று உண்டு. 2011 செப்டம்பரில், ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்திலிருந்து சுமார் 730 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இத்தாலியின் கிரான் சாசோ ஆய்வகத்துக்கு, நியூட்ரினோக்கள் என்னும் நுண்துகள்கள் ஒளியைவிட 60 நானோ விநாடி முந்தி வந்ததாக ஓபரா ஆய்வுக் குழு அறிவித்தது. ஒளியை எதுவும் முந்தாது என்னும் சார்பியல் வீழ்ந்தது என்று தலைப்புகள் வந்தன. ஜி.பி.எஸ். நேரக் குறிப்பைக் கொண்டுவந்த ஒளியிழைக் கம்பியின் இணைப்பு சரியாகப் பொருந்தாததுதான் முக்கியக் காரணம் என்று அடுத்த ஆண்டே தெரிந்தது.

பாப்பருக்கு இது தெரியாததல்ல. 1934-இல் வெளியான நூலிலேயே, மீண்டும் நிகழ்த்திக் காட்ட முடியாத ஒற்றை நிகழ்வு கோட்பாட்டை வீழ்த்தாது என்கிறார். கோட்பாட்டைக் காக்கச் சேர்க்கும் துணைக் கருதுகோளையும் அவர் அடியோடு மறுக்கவில்லை. அது கோட்பாட்டைச் சோதிக்கும் வாய்ப்பைக் கூட்ட வேண்டும், குறைக்கக் கூடாது என்பதே நிபந்தனை. நெப்டியூன் அதில் தேறியது, ஏனென்றால் வானில் இன்ன இடத்தில் பார் என்று சொன்னது. ‘எந்தக் கருவிக்கும் சிக்காத ஏதோ ஒன்று இழுக்கிறது’ என்று சொல்லியிருந்தால் தேறியிருக்காது.

வல்கனைப் ‘போலி அறிவியல்’ என்று கட்டுரை ஒதுக்கியதும் இதனால்தான் தவறு. தேடிப் பார்க்கக்கூடிய ஊகம் அது; தேடினார்கள், இல்லை. சோதிக்க முடிந்ததால்தான் அதைப் பொய் என்று சொல்ல முடிந்தது. இந்த இரண்டு திருத்தங்களையும் அடுத்த வார இணைப்பில், கட்டுரை வந்த அதே பக்கத்தில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
அறிவியல் தத்துவம் கற்பிக்கும் வாசகர்,
மதுரை.