நெற்றியைக் கழுவிய பையன்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பள்ளிகளில் ஒழுக்கம் கெட்டுப்போனதற்குக் காரணம் அங்கே சாமி கும்பிடாததுதான், தினமும் பிரார்த்தனையும் வாரம் ஒரு சமய வகுப்பும் வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சென்ற வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருடைய ஆதங்கம் புரிகிறது. குடியாத்தத்திலிருந்து வேலூர் போகும் பஸ்ஸில் படிக்கட்டில் தொங்கும் பையன்களை நானும்தான் தினம் பார்க்கிறேன். ஆனால் முப்பத்திரண்டு வருடம் அரசுப் பள்ளிகளில் கணக்கு நடத்தியவன் நான். பள்ளியில் சாமி கும்பிட வைத்தால் என்ன ஆகும் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். பார்த்ததென்ன, நானே நடத்தியிருக்கிறேன்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முன்னால் ஹால் டிக்கெட்டையும் பேனாவையும் சாமி படத்துக்கு முன் வைத்துப் பூஜை போடுவது பல பள்ளிகளில் உண்டு. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியிலும் வருடா வருடம் நடந்தது. தேங்காய் உடைத்தது, கற்பூரம் காட்டியது, வரிசையாக நிற்க வைத்துக் குங்குமம் கொடுத்தது எல்லாம் நான்தான். யாரையும் கட்டாயப்படுத்தவில்லை என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்வேன். ஒரு வருடம் பூஜை முடிந்து பிள்ளைகள் கிளம்பிய பிறகு, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஒரு பையன் குனிந்து நெற்றியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான். பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிற குடும்பம். என்னடா என்றேன். "இதோட வீட்டுக்குப் போனா அம்மா திட்டும் சார்" என்றான். அப்ப எதுக்குடா வெச்சிக்கிட்ட என்று கேட்டதற்கு, கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "நீங்க குடுத்தீங்களே சார்" என்றான்.

அவ்வளவுதான் அவன் சொன்னது. பிராக்டிகல் மார்க், டி.சி., நன்னடத்தைச் சான்று எல்லாவற்றுக்கும் ஆசிரியர் கையை எதிர்பார்த்து நிற்கிற பதினைந்து வயதுப் பையனிடம் நீட்டுகிற குங்குமம் எப்படி விருப்பத்தின் பேரில் கொடுத்ததாகும்? அடுத்த வருடம் ஹால் டிக்கெட்டை வகுப்பிலேயே கொடுத்தோம். பூஜைக்கு வைத்திருந்த காசில் பொரிகடலை வாங்கி எல்லோருக்கும் பங்கு வைத்தோம். தேர்ச்சி விகிதம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மத போதனை கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28-ஆவது பிரிவு. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் மற்ற பள்ளிகளிலும், படிக்கிற பிள்ளையை அதன் பெற்றோர் சம்மதமில்லாமல் மத போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் சொல்ல முடியாது. கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், நாட்டுப்பண் ஒலிக்கும்போது எழுந்து நின்றார்கள் ஆனால் பாடவில்லை என்பதற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட வழக்கில், அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி 1986-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாட்டுப்பண்ணுக்கே அந்த விலக்கு உண்டென்றால் என் கற்பூரத் தட்டுக்கு இல்லாமல் போகுமா?

இதை இந்துக்களுக்கு மட்டும் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். வேலூரை உள்ளடக்கிய பழைய வடஆற்காடு மாவட்டம் மிஷன் பள்ளிகள் நிறைந்த மண். நானே அப்படி ஒரு பள்ளியில் படித்தவன்தான். பரமண்டல ஜெபம் இன்றும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அங்கே கிடைத்த கல்விக்கு நன்றி உண்டு. சிறுபான்மையினர் கல்வி நிலையம் நடத்தும் உரிமையிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஜெபத்தின்போது கண்ணை மூடாததற்காக முட்டியில் அடி வாங்கியதும் மறக்கவில்லை.

சரி, அப்படியானால் மதத்தைப் பள்ளி வாசலிலேயே நிறுத்திவிடலாமா? இங்கேதான் அந்த வாசகரோடு பாதி வழி நானும் வருகிறேன். குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் வரும். ஊரே தெருவில் நிற்கும். ஒரு முறை வகுப்பில் ஒரு முஸ்லிம் பையன் கேட்டான்: "சார், சாமி தலைய மட்டும் ஏன் சார் தூக்கிட்டு வராங்க?" கிண்டல் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். ரேணுகா, ஜமதக்னி, பரசுராமர் என்று அந்தப் புராணக் கதையில் வரும் பெயர்கள் எனக்குத் தெரியும். கதையைக் கோர்வையாகச் சொல்லத் தெரியவில்லை. "பேசாம கணக்கப் போடு" என்று சொல்லிவிட்டேன். அதே வகுப்பில் மற்ற பிள்ளைகளுக்கு ரம்ஜானுக்கும் பக்ரீத்துக்கும் வித்தியாசம் தெரியாது. நோன்புக் கஞ்சியும் பிரியாணியும் தெரியும். பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பக்கத்துப் பக்கத்து வீட்டில் வளர்கிற பிள்ளைகளின் நிலை இது. பள்ளியில் சொல்லித் தராததை வாட்ஸ்அப் சொல்லித் தருகிறது, அதன் பாணியில்.

வழிபாடு வேறு, மதங்களைப் பற்றிய அறிவு வேறு. இதை நான் கண்டுபிடிக்கவில்லை. நம் மாவட்டத்து மாணவர் ஒருவர் எப்போதோ சொன்னதுதான். சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் பிறந்தபோது திருத்தணி வடஆற்காட்டில் இருந்தது. வாலாஜாபேட்டையிலும் வேலூர் ஊரிசு கல்லூரியிலும் படித்தவர். மிஷனரிகள் இந்து மதத்தைக் குறை சொன்னதுதான் தன்னை அதை ஊன்றிப் படிக்கத் தூண்டியது என்று அவரே எழுதியிருக்கிறார். அவர் தலைமையிலான 1948-49 பல்கலைக்கழகக் கல்விக் குழு, சில நிமிட மௌன தியானத்தோடு நாளைத் தொடங்கலாம் என்றது. பட்டப்படிப்பின் முதல் வருடத்தில் புத்தர், சாக்ரடீஸ், இயேசு, சங்கரர், ராமானுஜர், முகமது நபி, கபீர், நானக், காந்தி போன்றவர்களின் வாழ்க்கையைச் சொல்லிக்கொடுக்கலாம் என்றது. கல்லூரிகளுக்காகச் சொன்னதுதான், ஆனால் ஒன்பதாம் வகுப்புக்கு அது பொருந்தாது என்று எனக்குத் தோன்றவில்லை. மதங்களைப் பற்றிப் படிப்பது அரசியலமைப்புக்கு விரோதமல்ல என்று 2002-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆசிரியர் தினமான செப்டம்பர் 5 அன்று ராதாகிருஷ்ணன் படத்துக்கு மாலை போடுகிறோம். அவர் குழுவின் அறிக்கையைப் பிரித்துப் பார்த்த ஆசிரியர் எத்தனை பேர்? ஓய்வு பெறும்வரை நானும் பார்த்ததில்லை.

யார் நடத்துவது என்பதுதான் பெரிய சிக்கல். 2024-ல் சென்னையில் ஒரு அரசுப் பள்ளிக்குத் தன்னம்பிக்கைப் பேச்சு என்று வந்தவர் முற்பிறவிப் பாவம் பற்றிப் பேச, பார்வைத்திறன் இல்லாத ஆசிரியர் ஒருவர் அங்கேயே எதிர்த்துக் கேட்டது நினைவிருக்கும். வெளியாள் வேண்டாம். வரலாற்று ஆசிரியர் போதும்.

வேலூரில் அதற்கு இடமும் இருக்கிறது. கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில், மசூதி, 1846-ல் கட்டிய தேவாலயம் மூன்றும் ஒரே அகழிக்குள்தான். நெடுங்காலம் பூஜை இல்லாமல் கிடந்த கோயிலில் 1981-ல் லிங்கத்தைத் திரும்ப வைத்தார்கள். தேவாலயத்தில் ஞாயிறு ஆராதனை நடக்கிறது. மசூதியில் தொழுகைக்கு அனுமதி இல்லை. ஏன் இப்படி என்று ஒரு பிள்ளை கேட்கட்டுமே. நெற்றிக் குறி கூடாது, தாடியை மழி, காதணியைக் கழற்று, புதுத் தொப்பியைப் போடு என்ற ஆங்கிலேயரின் உத்தரவுதான் 1806 ஜூலை 10 அன்று இங்கே சிப்பாய்கள் கிளர்ந்தெழக் காரணங்களில் ஒன்று என்பதையும் அங்கேயே நின்று சொல்லலாம். குங்குமம் வைக்கச் சொல்வதும் அழிக்கச் சொல்வதும் எனக்கு ஒன்றாகத்தான் படுகிறது. அதே கோட்டைக்கு 2023-ல் வந்த பெண்ணிடம் ஹிஜாபைக் கழற்றச் சொல்லி செல்போனில் படம் பிடித்தவர்களைப் போலீஸ் கைது செய்ததையும் மறைக்க வேண்டாம்.

அடுத்த ஜூலை 10-க்கு எந்தப் பள்ளியாவது பிள்ளைகளைக் கோட்டைக்கு அழைத்து வந்தால் சொல்லி அனுப்புங்கள், கூட நடக்க நான் தயார். ரேணுகா கதையையும் இந்த முறை ஒழுங்காகப் படித்துவிட்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
குடியாத்தம்.