ரெண்டு இடம் போதும் கண்ணு

கண்ணு,

நல்லாருக்கியா, குட்டிப்பையனுக்குப் பல்லு வந்துருச்சா? போன்ல பேசுனா நீ சரிம்மா சரிம்மானு மீட்டிங்குக்கு ஓடிடற, அதான் உக்காந்து டைப் பண்றேன், ராத்திரி சாப்ட்டுட்டு நிதானமா படி.

அடுத்த வருசம் நீங்க மூணு பேரும் காட்டு மிருகம் பாக்க கென்யா போறீங்கன்னு அக்கா சொன்னா, ட்ராவல்ஸ்காரன் உனக்குக் குடுத்த பிளானையும் ஃபார்வர்ட் பண்ணா. ஒரே வாரத்துல அம்போசெலி, நைவாஷா, நகுரு, மசாய் மாரா, அது பத்தாதுன்னு பார்டர் தாண்டி தான்சானியால இருக்கற செரங்கெட்டி! படிக்கும்போதே எனக்கு இடுப்பு வலிக்குது சாமி. நைரோபில இருந்து மாராவுக்கே அஞ்சாறு மணி நேரம். செரங்கெட்டி மாராவை ஒட்டித்தான் இருக்கு, ஒரே புல்லுக்காடுதான், ஆனா டூரிஸ்ட் வண்டிய நேரா விடமாட்டாங்க, இசெபானியா செக்போஸ்ட் வழியா சுத்திப் போகணும். வில்டபீஸ்ட்டுன்னு மாடு மாதிரி ஒரு மான், அந்தக் கூட்டம் பாஸ்போர்ட் இல்லாம தாண்டிப் போகுது, நாமதான் கைக்குழந்தைய மடில வெச்சுட்டு க்யூல நிக்கணும். வேண்டாம். மாரா, அம்போசெலி, ரெண்டே போதும்.

இன்னொண்ணு, இந்த பிக் ஃபைவ் பைத்தியம். சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை. அந்தக் காலத்து வேட்டைக்காரங்க நடந்து போய் சுடறதுக்குக் கஷ்டமான மிருகம்னு போட்ட லிஸ்ட்டாம் அது, நாம என்ன துப்பாக்கி தூக்கிட்டா போறோம், அதுல ஒட்டகச்சிவிங்கியும் இல்ல சீட்டாவும் இல்ல. நாங்க போனப்ப மாராவுல எங்க டிரைவரு, ரேடியோல யாராச்சும் "சிம்பா", அதான் சிங்கம்னா போதும், பாத்துட்டு இருக்கறதை விட்டுட்டு வண்டிய விரட்டிருவாரு. அங்க போனா புதருக்கு மேல ஒரே ஒரு காது தெரியுது, சுத்தி ஏகப்பட்ட வண்டி. ஒரு மிருகத்துக்கிட்ட அஞ்சு வண்டிக்கு மேல நிக்கக்கூடாதுன்னு ரூல் இருக்காம், யாரு எண்ணறாங்க! உங்க அப்பா பொறுத்துப் பாத்துட்டு, அம்போசெலில டிரைவர்கிட்ட நேராவே சொல்லிட்டாரு, ரேடியோவ ஆஃப் பண்ணுங்க, யானைகிட்ட நிறுத்துங்க, நாங்க சொல்றவரைக்கும் எடுக்காதீங்கன்னு.

அந்தக் காலைலதான் எனக்கு நெஜமா ஆப்பிரிக்கா வந்த மாதிரி இருந்துச்சு. அந்தப் பக்கம் கிளிமஞ்சாரோ, மலை இருக்கறது தான்சானியால, 5,895 மீட்டர், வெயில் ஏறுனா மேகம் மூடிக்கும், அதனால விடிகாலைலயே போயிருங்க. சுத்தியும் ஒரே புழுதிக்காடு, நடுவுல மட்டும் பச்சைப்பசேல்னு சதுப்பு, அந்த மலைத் தண்ணி பூமிக்கடியில ஓடி வந்து அங்க ஊறுதாம். யானைங்க வயிறு வரைக்கும் எறங்கி கோரையைப் புடுங்கி, வேர்ச்சேறு போக தண்ணில ஒரு அலசு அலசி வாய்ல போடுது. குட்டி ஒண்ணு, அதுக்குத் தும்பிக்கைய என்ன பண்றதுன்னே தெரியல, சுத்துது, மிதிச்சுக்குது, கடைசில மண்டி போட்டு வாயாலயே தண்ணி குடிச்சுது. எல்லாத்துக்கும் தந்தம் இருக்கறதப் பாத்துட்டு அப்பா, இத்தனையும் கொம்பனான்னாரு, டிரைவரு சிரிச்சுட்டாரு. நம்ம வால்பாறை, முதுமலை மாதிரி இல்ல, அங்க பொட்டை யானைக்கும் தந்தம் உண்டு. ஆம்பள யானை வளந்ததும் கூட்டத்தை விட்டு வெளிய போயிரும், வழிநடத்தறது வயசான பொம்பள யானைதான். அதைக் கேட்டதும் நான் அப்பாவைப் பாத்த பார்வை உனக்குத் தெரியும்ல.

பையனுக்காக நைரோபில ஷெல்ட்ரிக் டிரஸ்ட்டோட அனாதை யானைக்குட்டி காப்பகத்துக்கு முன்கூட்டியே புக் பண்ணிரு, காலைல ஒரு மணி நேரம்தான் விடுவாங்க. டாப்னி ஷெல்ட்ரிக்குன்னு ஒரு அம்மா புருசன் செத்ததுக்கப்புறம் 1977ல அவர் பேர்ல ஆரம்பிச்சது. பால்குடி மறக்காத குட்டிக்கு மாட்டுப்பால் கொழுப்பு ஒத்துக்காம செத்துச் செத்துப் போயிருக்கு, அந்தம்மா வருசக்கணக்கா என்னென்னமோ கலந்து பாத்து கடைசில பிடிபட்டது என்ன தெரியுமா, தேங்கா எண்ணெய் சேர்ந்த பவுடர் பால்! எனக்குக் கண்ணு கலங்கிருச்சு போ.

சாப்பாட்டுக்குக் கவலையில்ல. உகாலின்னு நம்ம களியாட்டம் வெள்ள மக்காச்சோள மாவுல கிண்டறாங்க, கூட சுக்குமா விக்கின்னு கீரை, சப்பாத்தி எங்கயும் கெடைக்கும். அந்தக் காலத்துல நம்ம நாட்டு ஆளுங்க ரயில் பாதை போடப் போனப்ப கூடவே போனதாம். முறுக்கு கொண்டுபோனா பிளாஸ்டிக் கவர்ல கட்டாத, 2017ல இருந்து அங்க கேரி பேக் தடை. நாங்க மஞ்சப்பைலதான் கொண்டுபோனோம்.

ஜூலைன்னா நைரோபில குளுரும், ஆப்பிரிக்கான்னா வெயில்னு நெனச்சுட்டு சட்டையோட போயிராத, பையனுக்குக் குல்லா எடு. திரும்பும்போது இங்க இந்தியாவுக்கு வர்றதா இருந்தா யெல்லோ ஃபீவர் ஊசி கெளம்பறதுக்குப் பத்து நாள் முன்னாடியாச்சும் போட்டிருக்கணும், இல்லன்னா ஏர்போர்ட்லயே நிறுத்திருவாங்க. ஒன்பது மாசம் ஆகாத குழந்தைக்குப் போடமாட்டாங்க, உன் பையனுக்கு அதுக்குள்ள வயசாயிரும், ஆனாலும் மலேரியாவுக்கு என்ன குடுக்கறதுன்னு சேர்த்தே டாக்டர்கிட்ட கேளு. வண்டி தனி வண்டியா பேசு, பையன் அழுதா அடுத்தவங்க மூஞ்சி சுளிப்பாங்க.

மாராவுல வில்டபீஸ்ட் ஆத்தைத் தாண்டறதைப் பாக்கணும்னா ஜூலைல இருந்து அக்டோபருக்குள்ள போகணும், அப்பதான் ரூம் வெலையும் ஏறும். அதனால ஆபீஸ்ல லீவு எப்பன்னு கேட்டு இந்த வாரமே சொல்லு, மருமகளையும் கேட்டுக்கோ. அந்த ட்ராவல்ஸ்காரனுக்கு அட்வான்ஸ் எதுவும் அனுப்பிராத, அக்காகிட்ட எங்க டிரைவர் நம்பர் இருக்கு.

அம்மா