ஜெயிச்ச கதை போதும் சார், தடுமாறின கதையையும் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தினமும் ஓரத்துல ஒரு சின்ன பாக்ஸ் கட்டி தன்னம்பிக்கை பகுதி போடுறீங்க, பேப்பர் கைக்கு வந்ததும் நான் முதல்ல படிக்கிறது அதைத்தான், தலைப்புச் செய்தியெல்லாம் அப்புறம்தான். அதனால இதைக் குறை சொல்ற கடிதமா எடுத்துக்காதீங்க, ஆனா ரொம்ப நாளா ஒண்ணு உறுத்திக்கிட்டே இருக்கு. அதுல வர்றவங்க எல்லாரும் ஒரே ஆள் மாதிரியே இருக்காங்க சார். விடியறதுக்கு முன்னாடி எந்திரிக்கிறாங்க, ராத்திரி பகல் பாக்காம உழைக்கிறாங்க, சாக்கு சொல்றதே இல்ல, தோத்தாக்கூட கண்ணுல தண்ணி வர்றதில்ல, கடைசி வரிக்குள்ள பெரிய ஆளாயிடுறாங்க. படிச்சு முடிச்சதும் ஒரு வேகம் வரும்தான், இல்லைன்னு சொல்லல. ஆனா அது குளிச்சிட்டு வர்றதுக்குள்ள போயிடுது, மிச்சம் இருக்கிறது "நீயும்தான் இருக்கியே"ன்னு உள்ளுக்குள்ள கேக்குற ஒரு குரல் மட்டும்தான்.

இது என் ஒருத்தியோட மனக்குறைன்னு விட்டுடலாம்னு பாத்தா, ஆராய்ச்சியே பண்ணி வச்சிருக்காங்க. கனடாவுல வாட்டர்லூ யுனிவர்சிட்டியில பெனலபி லாக்வுட், ஸிவா குண்டான்னு ரெண்டு பேர் 1997ல வெளியிட்டது. அக்கவுண்டிங் படிக்கிற பசங்ககிட்ட, அதே படிப்புல கடைசி வருஷத்துல கலக்கிக்கிட்டிருக்கிற ஒரு ஸ்டூடண்ட் பத்தி பேப்பர்ல வந்த மாதிரி ஒரு கட்டுரையைக் குடுத்துப் படிக்கச் சொன்னாங்க. முதல் வருஷப் பசங்க அதைப் படிச்சு உற்சாகமானாங்க, ஏன்னா அவங்களுக்கு இன்னும் நாள் இருக்கு, நாமளும் அப்படி வரலாம்னு தோணுது. கடைசி வருஷப் பசங்களுக்கு அந்த உற்சாகம் வரல, அவங்களுக்குத்தான் இனிமே நேரமே இல்லையே. கட்டுரை ஒண்ணுதான், படிக்கிற ஆள் எந்த இடத்துல நிக்கிறான்ங்கிறதுதான் வேற. எட்டுற தூரத்துல இருக்கிறது நம்மளைத் தூக்கி விடும், எட்டாதது ஒண்ணும் பண்ணாது, சில சமயம் கீழ தள்ளியும் விடும். உங்க பேப்பரை இருபது வயசுக்காரனும் படிக்கிறான், அம்பது வயசுல வேலை போனவரும் படிக்கிறார், ரெண்டு பேருக்கும் அந்த பாக்ஸ் ஒரே மாதிரி வேலை செய்யும்னு நினைக்கிறீங்களா?

இதைவிட எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆராய்ச்சி ஒண்ணு இருக்கு, உங்க ஆபீஸ்ல அந்தப் பகுதியை எழுதுறவங்க கண்டிப்பா தெரிஞ்சுக்கணும். கொலம்பியா யுனிவர்சிட்டியில ஷியாவ்டாங் லின் சீக்லர்ங்கிறவங்களோட குழு 2016ல வெளியிட்டது. நியூயார்க்ல வசதி குறைஞ்ச ஏரியா ஸ்கூல்கள்ல ஒன்பதாவது பத்தாவது படிக்கிற 402 பசங்களை மூணா பிரிச்சாங்க. எல்லாருக்கும் ஐன்ஸ்டைன், மேரி கியூரி, மைக்கேல் ஃபாரடே கதைதான். ஒரு பிரிவுக்கு, ஆராய்ச்சியில அவங்க முட்டி மோதி நின்ன இடங்கள், தப்பாப் போன முயற்சிகள். இன்னொரு பிரிவுக்கு, வறுமை மாதிரி வாழ்க்கையில பட்ட கஷ்டங்கள். மூணாவது பிரிவுக்கு நம்ம பாக்ஸ்ல வர்ற மாதிரியே வெறும் சாதனைகள், என்ன கண்டுபிடிச்சாங்க, என்ன பரிசு வாங்கினாங்க, அவ்வளவுதான். கஷ்டத்தைப் படிச்ச ரெண்டு பிரிவுக்கும் அடுத்து வந்த சயின்ஸ் மார்க் ஏறிச்சு, அதுலயும் ஏற்கனவே கம்மி மார்க் வாங்கிக்கிட்டு இருந்த பசங்களுக்குத்தான் பலன் அதிகம். சாதனையை மட்டும் படிச்ச பசங்களுக்கு மார்க் ஏறவே இல்ல, முன்னாடி இருந்ததைவிட இறங்கியே போச்சு. ஊக்கப்படுத்தணும்னு நினைச்சுக் குடுத்த கதைதான் சார் அது! பிறவியிலயே மேதை, நமக்கும் அவங்களுக்கும் என்ன சம்பந்தம்னு பசங்க ஒதுங்கிடுறாங்க, முட்டிக்கிட்டு நின்ன ஐன்ஸ்டைன்னா கொஞ்சம் பக்கத்துல வந்து உக்காந்த மாதிரி இருக்கும்போல.

சரி, கதையை மாத்திட்டா எல்லாம் சரியாயிடுமான்னா அதுவும் இல்ல, படிக்கிறவங்களுக்குள்ள ஓடுற அந்தக் குரல் இருக்கு பாருங்க, அதைப் பத்தியும் ஒரு நாள் எழுதுங்க. மத்தவங்க ஒரு தப்பு பண்ணா "பரவாயில்ல விடுங்க, எல்லாருக்கும் நடக்கிறதுதான்"னு சொல்ற நாம, அதே தப்பை நாம பண்ணா நமக்குள்ள பேசிக்கிற பேச்சை வெளிய சத்தமா சொன்னா பக்கத்துல இருக்கிறவங்க பதறிடுவாங்க. டெக்சாஸ் யுனிவர்சிட்டியில க்ரிஸ்டின் நெஃப்ங்கிற உளவியல் பேராசிரியை 2003ல இதுக்கு ஒரு அளவுகோலே உண்டாக்கினாங்க, செல்ஃப் கம்பேஷன்னு சொல்றது, நம்ம மேல நாமளே காட்டுற பரிவு. அவங்க கணக்குல அதுக்கு மூணு பக்கம். அடிபட்டிருக்கும்போது நம்மளை நாமளே திட்டாம அன்பா நடத்துறது ஒண்ணு. வர்ற வருத்தத்தை அமுக்கவும் செய்யாம, அதுலயே முங்கிப் போகவும் செய்யாம, "ஆமா, இப்ப வலிக்குது"ன்னு இருக்கிறபடி பாக்குறது ஒண்ணு. மூணாவது பக்கம்தான் எனக்கு முக்கியமாப் படுது, தடுக்கி விழுறது மனுஷனாப் பொறந்த எல்லாருக்கும் உள்ளது, நமக்கு மட்டும் வந்த தனி சாபம் இல்லைன்னு ஞாபகம் வச்சுக்கிறது. "எனக்கு மட்டும் ஏன் இப்படி"ங்கிற கேள்வியில வேதனையைவிட தனிமைதான் ஜாஸ்தி இருக்கு, சாதனைக் கதைகள் அந்தத் தனிமையைத்தான் கூட்டி விடுது, ஏன்னா அதுல விழுறவங்களே இல்லையே.

இதைச் சொன்னதும் பாதிப் பேர் சண்டைக்கு வருவாங்க, தெரியும். நம்மளை நாமளே தட்டிக் குடுத்துக்கிட்டு இருந்தா உருப்படவே மாட்டோம், இது சோம்பேறித்தனத்துக்கு சப்பைக்கட்டுன்னு. நியாயமான சந்தேகம்தான். பெர்க்லியில கலிஃபோர்னியா யுனிவர்சிட்டியைச் சேர்ந்த ஜூலியானா ப்ரைன்ஸ், செரீனா சென் ரெண்டு பேரும் இதையேதான் சோதிச்சுப் பாத்தாங்க, 2012ல வந்தது. மாணவர்களுக்கு வேணும்னே கஷ்டமான ஒரு வார்த்தை டெஸ்ட் வச்சாங்க. முடிஞ்சதும் ஒரு குரூப்கிட்ட, இது நிறைய பேருக்குக் கஷ்டமாத்தான் இருக்கும், உங்களை ரொம்பக் கடிஞ்சுக்காதீங்கன்னு சொன்னாங்க. இன்னொரு குரூப்கிட்ட, இந்த யுனிவர்சிட்டியில உங்களுக்கு சீட் கிடைச்சிருக்குன்னா நீங்க புத்திசாலியாத்தான் இருப்பீங்கன்னு சொன்னாங்க. அடுத்த டெஸ்டுக்கு எவ்வளவு நேரம் வேணா படிச்சுக்கலாம்னு விட்டப்போ, அதிக நேரம் உக்காந்து படிச்சது பரிவாப் பேசின குரூப்தான். எனக்கு இதுல ஆச்சரியமே அந்த ரெண்டாவது குரூப்தான். நாம பிள்ளைங்களுக்கு ஆறுதல் சொல்றதே அப்படித்தானே, "நீ புத்திசாலிடா, உனக்கா வராது"ன்னு, அது பாராட்டு மாதிரி தெரியுது, ஆனா அடுத்த தடவையும் வரலைன்னா அந்தப் பிள்ளை என்ன பண்ணும், புத்திசாலிங்கிற பேரைக் காப்பாத்துறதுக்காகவே அந்தப் பக்கம் போகாம இருக்கும். கனடாவுல கார்ல்டன் யுனிவர்சிட்டியிலயும் 2010ல இதே திசையில ஒரு முடிவு வந்துச்சு, முதல் பரீட்சைக்குப் படிக்காம தள்ளிப் போட்டதுக்காகத் தங்களை மன்னிச்சுக்கிட்ட பசங்க, அடுத்த பரீட்சைக்கு முன்னாடி தள்ளிப் போடுறது குறைஞ்சிருந்துச்சு.

ஏன் இப்படின்னு யோசிச்சா ஒண்ணும் பெரிய ரகசியம் இல்ல. வண்டி ஓட்டப் பழகுறவன் பக்கத்துல ஒருத்தர் உக்காந்துக்கிட்டு கத்திக்கிட்டே வந்தா, அவன் ரோட்டைப் பாப்பானா, கத்துறவர் மூஞ்சியைப் பாப்பானா? நம்மளை நாமளே திட்டும்போது மூளை அதையும் ஒரு ஆபத்தாத்தான் எடுத்துக்குது, தப்பைத் திருத்துறதைவிட தப்பிச்சு ஓடுறதுக்குத்தான் வழி தேடுது. இங்கிலாந்துல பால் கில்பர்ட்னு ஒரு மருத்துவ உளவியலாளர் இதை வச்சே ஒரு சிகிச்சை முறையை உருவாக்கியிருக்கார். அவர்கிட்ட வந்தவங்கள்ல தன்னையே வெறுக்கிறவங்க, "நான் ஒண்ணும் உதவாக்கரை இல்ல"ன்னு சரியான வார்த்தையெல்லாம் சொல்லிக்குவாங்களாம், ஆனா மனசுக்குள்ள அதைச் சொல்ற தொனி கடுகடுன்னு, கோவமா இருக்குமாம். வார்த்தை மாறியும் தொனி மாறலைன்னா பலன் இல்லைன்னு அவர் கண்டுக்கிட்ட இடம் அது. வாட்ஸ்அப்ல காலையில வர்ற பொன்மொழிகள் ஏன் உள்ள இறங்க மாட்டேங்குதுன்னு எனக்கு அப்பத்தான் புரிஞ்சுது, அதையும் நாம அதட்டலாத்தானே படிச்சுக்கிறோம்!

இன்னொரு விஷயம், தயவுசெஞ்சு அந்த 21 நாள் கணக்கை நிறுத்துங்க. எந்தப் பழக்கமும் 21 நாள்ல வந்துடும்னு உங்க பகுதியில மட்டும் இல்ல எல்லா இடத்துலயும் வருது. 1960ல மேக்ஸ்வெல் மால்ட்ஸ்னு ஒரு பிளாஸ்டிக் சர்ஜன், ஆபரேஷனுக்கு அப்புறம் மாறின முகம் நோயாளிகளுக்குப் பழக குறைஞ்சது ஒரு 21 நாளாவது ஆகுதுன்னு எழுதினார், அது கை மாறிக் கை மாறி "குறைஞ்சது"ங்கிறது காணாம போயி எல்லாப் பழக்கத்துக்கும் சட்டமாயிடுச்சு. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல ஃபிலிப்பா லாலி குழு 96 பேரை வச்சு உண்மையிலேயே அளந்து 2010ல வெளியிட்டப்போ நடுவாந்திரமா 66 நாள் வந்துச்சு, ஆளுக்கு ஆள் 18ல இருந்து 254 நாள் வரைக்கும் வித்தியாசம். நடுவுல ஒரு நாள் விட்டுப் போனாலும் பழக்கம் உருவாகுறதுல பெருசா ஒண்ணும் கெட்டுப் போகலைன்னும் அதுல இருக்கு. இதை நீங்க போட்டீங்கன்னா, இருபத்திரெண்டாவது நாள் நடைப்பயிற்சியை விட்டுட்டு "நான் எதுக்கும் லாயக்கில்ல"ன்னு உக்காந்திருக்கிற எத்தனையோ பேருக்கு நிம்மதியா இருக்கும்.

அப்ப ஊக்கத்துக்கு எங்க போறது, அந்த பாக்ஸ்ல எதைத்தான் போடுறதுன்னு கேப்பீங்க. பெர்க்லியிலேயே டேக்கர் கெல்ட்னர்ங்கிற பேராசிரியர் குழு, 26 நாடுகள்ல இருந்து மக்கள் எழுதின 2,600 அனுபவங்களைச் சேத்தாங்க, எதைப் பாத்து நீங்க பிரமிச்சு நின்னீங்கன்னு கேட்டு. மலை, கடல், சங்கீதம்னு வரும்னுதானே நினைப்போம்? அதெல்லாமும் வந்துச்சு, ஆனா அதிகமா வந்தது அடுத்த மனுஷங்களோட தைரியமும் நல்ல மனசும்தானாம். அது நம்ம கண்ணு முன்னாடியே நடக்குது சார், பேர் வாங்காததால கவனிக்கிறதில்ல. படுக்கையில இருக்கிறவங்களை வருஷக்கணக்கா முகம் சுளிக்காம பாத்துக்கிறவங்க, ஒரு நாள் முகம் சுளிச்சுட்டாலும் போயி மன்னிப்புக் கேக்குறவங்க. பேரன் பேத்தி எடுத்த வயசுல எழுதப் படிக்கக் கத்துக்க உக்காருறவங்க. மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் "எனக்கு இது புரியல, இன்னொரு தடவை சொல்லுங்க"ன்னு கேக்குறவங்க. இந்தக் கடைசி ஆளைத்தான் நான் ரொம்பப் பெரிய ஆளா நினைக்கிறேன், தன் மேல கொஞ்சமாவது பரிவு இருக்கிறவங்களாலதான் அப்படிக் கேக்க முடியும், இல்லாதவங்க தலையை ஆட்டிட்டு வந்து ராத்திரி பூரா தூங்காம கிடப்பாங்க.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிடுறேன், இல்லைன்னா இதுவும் இன்னொரு மந்திரம் ஆயிடும். அடுத்தவங்களைக் காயப்படுத்திட்டு வந்து "நான் என்னை மன்னிச்சுட்டேன்"னு சொல்றது பரிவு இல்ல, முதல்ல அவங்ககிட்ட போகணும். ரெண்டு வாரத்துக்கு மேல எதுலயும் பிடிப்பில்லாம, தூக்கம் கெட்டு, மனசு கனத்தே கிடந்தா பாக்ஸ் கட்டின பொன்மொழி வேலைக்கு ஆகாது, டாக்டர்கிட்ட போகணும், அதையும் அந்தப் பகுதியிலேயே ஒரு வரி போடலாம். ஆள் போதாம வேலைச் சுமை கழுத்தை நெரிக்கிற இடத்துல "உங்களுக்கு நீங்களே அன்பா இருங்க"ன்னு மட்டும் அறிவுரை குடுக்கிறதும் எனக்குக் கோவம் வர்ற விஷயம், அவங்களுக்கு முதல்ல வேண்டியது லீவு.

கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. சாதிச்சவங்களைப் பேட்டி எடுக்கும்போது இன்னும் ரெண்டு கேள்வி சேத்துக் கேளுங்க, நடுவுல எந்த இடத்துல விட்டுடலாம்னு தோணுச்சு, அன்னிக்கு உங்களுக்கு நீங்க என்ன சொல்லிக்கிட்டீங்கன்னு. உடனே பதில் வராது, "அதெல்லாம் கடந்து வந்துட்டேங்க"ன்னு சிரிச்சு மழுப்புவாங்க, விடாம கேளுங்க. வாரத்துல ஒரு நாளாவது இன்னும் ஜெயிக்காத ஒருத்தரைப் போடுங்க, பாதி வழியில இருக்கிறவரை, ஜெயிப்பாரான்னு யாருக்கும் தெரியாதவரை. அப்புறம் மலை உச்சியில கையை விரிச்சுக்கிட்டு ஒருத்தர் நிப்பாரே, அந்தப் படத்தை மாத்துங்க, பாத்துப் பாத்து அலுத்துப் போச்சு.

கடிதம் நீளமாயிடுச்சுன்னு தெரியும், இடம் பத்தலைன்னா எங்க வேணா வெட்டிக்கோங்க, அந்த நியூயார்க் பசங்களோட மார்க் பத்தி எழுதியிருக்கிற பத்தியை மட்டும் விட்டு வைங்க.

இப்படிக்கு,
அந்த ஓரத்து பாக்ஸை முதல்ல படிக்கிற வாசகி