உன் ரூம்மேட் கேட்டதற்கு அம்மாவின் பதில்

அன்புள்ள பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் ஆச்சி இருந்தாள், அடுப்பில் குழம்பு வேறு கொதித்துக்கொண்டிருந்தது. "பதினேழு வயசுப் பொண்ணு வீட்டுக்கும் வார்டனுக்கும் தெரியாம டாக்டரைப் பார்க்க முடியுமாம்மா? என் ரூம்மேட் கேட்கா" என்றாய். ரூம்மேட்டா, நீயா என்று நான் கேட்கப் போவதில்லை. இனிமேலும் கேட்க மாட்டேன். யாருக்காக இருந்தாலும் பதில் ஒன்றுதான். போனில் பேசினால் பாதியில் யாராவது வந்துவிடுவார்கள். கடிதம் என்றால் நீ திரும்ப எடுத்துப் படிக்கலாம், அவளிடமும் கொடுக்கலாம்.

நம்ம துணை சுகாதார நிலையத்துக்கு வயசுப் பிள்ளைகள் தனியாக வராது. அம்மாவோ அத்தையோ முன்னால் வருவார்கள், பிள்ளை பின்னால் துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டு நிற்கும். "வயித்துவலியாம் சிஸ்டர்" என்று பெரியவர்கள்தான் சொல்வார்கள். நான் அப்போது எதுவும் கேட்க மாட்டேன். "எடை பார்க்கணும், ரத்தம் பார்க்கணும், நீங்க வெளிய பெஞ்சுல இருங்க" என்று அவர்களை அனுப்பி, கதவைச் சாத்திய பிறகுதான் பேச்சு. வெள்ளைப்படுதலாக இருக்கும். மூன்று மாதமாகத் தீட்டு வராமல் இருக்கும். ராத்திரி தூக்கமில்லாமல், செத்துப் போகலாமா என்று தோன்றுவதாக இருக்கும். எதுவாக இருந்தாலும் அந்தப் பிள்ளைகள் வாயிலிருந்து முதலில் வருவது, "அம்மாட்ட சொல்லிருவீங்களாக்கா?" என்பதுதான். அதற்கு நேரான பதில் கிடைக்காவிட்டால், "ஒண்ணுமில்லக்கா, சாப்பாடு சேரல" என்று எழுந்து போய்விடும். அதனால் உனக்கும் நேராகவே சொல்கிறேன்.

நம் நாட்டில் 18 வயது முடிகிற வரை சிகிச்சைக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்றுதான் மருத்துவமனைகள் நடக்கின்றன. 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டம், சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்கிறது. ஆனால் 18-க்குக் கீழே இருப்பவர்களுக்கு அப்பா அம்மாதான் பிரதிநிதி என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆக, டாக்டர் என்னிடம் சொல்ல வழி இருக்கிறது. உனக்கு மாசியில்தான் 18 முடிகிறது. அதுவரை இந்தக் கதவுக்குச் சாவி என் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள். அதை உன்னிடம் கொடுத்துவிடுகிறேன்.

இந்தக் கவருக்குள் தனியாக ஒரு தாள் இருக்கிறது பார். "என் மகள் தனியாக வந்தாலும் பரிசோதனை செய்து சிகிச்சை அளிக்கச் சம்மதிக்கிறேன். அவள் விரும்பாத விவரங்களை என்னிடம் தெரிவிக்கத் தேவையில்லை" என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, என் ஆதார் நகலையும் இணைத்திருக்கிறேன். டாக்டர் சந்தேகப்பட்டு எனக்குப் போன் போட்டால், "ஆமா, என் கையெழுத்துதான்" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவேன். என்ன விஷயம் என்று அவரிடமும் கேட்க மாட்டேன். ஆபரேஷன், மயக்க மருந்து என்றால் இந்தத் தாள் போதாது, கூப்பிடுவார்கள். அப்போது வந்து நிற்பேன். உயிருக்கு ஆபத்து என்றால் எந்தத் தாளுக்கும் காத்திருக்க வேண்டாம், ஓடிப் போ.

எங்கே போவது என்றால், 2014-இல் வந்த தேசிய வளரிளம் பருவ நலத் திட்டத்தில் 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கென்று அரசு ஆஸ்பத்திரிகளில் தனி கிளினிக் வைத்திருக்கிறார்கள், காசு கிடையாது. பேசுவது வெளியே கேட்கக் கூடாது, உள்ளே இருப்பது யார் என்று தெரியக் கூடாது என்பதுதான் ஏற்பாடு. எல்லா இடத்திலும் அப்படி நடக்கிறதா என்றால், இல்லை. சீட்டுப் போடுகிற இடத்திலேயே "என்ன செய்யுது?" என்று வரிசை முழுக்கக் கேட்கும்படி கேட்பார்கள். அங்கே விளக்கம் சொல்லாதே. "லேடி டாக்டரைப் பார்க்கணும்" என்றால் போதும். உள்ளே வேறு நோயாளி உட்கார்ந்திருந்தால், "தனியாப் பேசணும் டாக்டர்" என்று கேட்டு வாங்கு. அது உன் உரிமை.

இன்னொன்று. தனியார் கிளினிக்கானாலும் லேபானாலும் போன் நம்பர் கேட்கும்போது உன் நம்பரைக் கொடு. பழக்க தோஷத்தில் அப்பா நம்பரைச் சொல்லிவிடாதே. ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் அந்த நம்பருக்குத்தான் போகும். எத்தனை பிள்ளைகளின் விஷயம் இப்படித்தான் வீட்டில் உடைந்திருக்கிறது! யாரும் காட்டிக்கொடுத்ததில்லை, ஒரு பிடிஎஃப் போய்ச் சேர்ந்ததுதான்.

காலேஜில் உங்களுக்கு மென்டார் என்று ஒரு மேடம் இருப்பதாகச் சொன்னாயே, அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் மென்டார் வேறு, கவுன்சிலர் வேறு. அட்டெண்டன்ஸ் பார்ப்பதும் வீட்டுக்குப் போன் போடுவதும் மென்டார் வேலை. கவுன்சிலரிடம் போனாலும் உட்கார்ந்தவுடன் கேள்: நான் சொல்வதை யாரிடம் சொல்வீர்கள், எதைக் கட்டாயம் சொல்ல வேண்டியிருக்கும், எங்கே எழுதி வைப்பீர்கள்? நல்ல கவுன்சிலர் இதற்குக் கோபப்பட மாட்டார், அவரே முதலில் சொல்லிவிடுவார். மழுப்பினால், தலைவலி என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடு.

மனசு சரியில்லை என்று பேசுவதற்கு என் கையெழுத்துக்கூட வேண்டாம். 14416 என்று போட்டால் போதும். டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் அது, தமிழ்நாட்டில் "நட்புடன் உங்களோடு" என்று பெயர். 2022-இல் இருந்து நடக்கிறது, இலவசம், ராத்திரி எந்த நேரமும் தமிழில் பேசலாம். சென்னையில் 1986-இல் இருந்து சினேகா என்கிற அமைப்பு இருக்கிறது, சாகத் தோன்றுகிறவர்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்பதற்கென்றே. 044-24640050. 18 வயதுக்குள் இருப்பவர்களை யாராவது அடித்தாலோ தொந்தரவு செய்தாலோ, குழந்தைகள் உதவி எண் 1098. மூன்றையும் அவள் போனிலும் ஏற்றிக்கொடு.

இனி எழுதுவதை நிதானமாகப் படி. ரகசியம் எங்கே நின்றுபோகும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழே உள்ள பெண்ணுக்கு உடல் உறவு நடந்தது என்று தெரிந்தால், அவளே விரும்பியிருந்தாலும், டாக்டரும் நர்ஸும் கவுன்சிலரும் போலீசுக்குத் தெரிவித்தாக வேண்டும். 2012 போக்சோ சட்டம் அப்படி. தெரிவிக்காவிட்டால் அவர்களுக்கே தண்டனை உண்டு, நான் உட்பட. இந்த பயத்தில்தான் பிள்ளைகள் ஆஸ்பத்திரிப் பக்கமே வராமல், யாரோ சொன்ன மாத்திரையை விழுங்கிவிட்டு ரத்தப்போக்கோடு வருகிறார்கள். என் வேலையில் என்னைப் பதறவைப்பது இதுதான்.

பயந்து ஒதுங்குவதற்கு முன் இதையும் தெரிந்துகொள். முதலில் சிகிச்சை, பிறகுதான் மற்றதெல்லாம். எஃப்ஐஆர் இருந்தால்தான் பார்ப்போம் என்று எந்த ஆஸ்பத்திரியும் சொல்லக் கூடாது. பெண்ணைப் பெண் டாக்டர்தான் பரிசோதிக்க வேண்டும், அவள் நம்புகிற ஒருவர் கூட இருக்கலாம். கருக்கலைப்பு என்றால் 18-க்குள் பெற்றோர் கையெழுத்து கட்டாயம். ஆனால் அந்தப் பெண்ணும் பெற்றோரும் கேட்டுக்கொண்டால், போலீசுக்குக் கொடுக்கிற தகவலில் அவள் பெயரையும் விவரத்தையும் டாக்டர் எழுத வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நிறைய டாக்டர்களுக்கே இது தெரியாது, எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும். இதில் நாள் கடத்துவதுதான் ஆபத்து.

அப்படி ஒரு கையெழுத்து வேண்டியிருந்தால் நான் போடுவேன் பாப்பா. யார், எப்படி, ஏன் என்று ஆஸ்பத்திரி வாசலில் வைத்துக் கேட்க மாட்டேன். கை ஓங்க மாட்டேன். படிப்பை நிறுத்த மாட்டேன். உன் ரூம்மேட்டின் அம்மா எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியாது. வீட்டில் சொல்லவே முடியாது என்றால் 1098-இல் பேசச் சொல். என் நம்பரையும் கொடு. எந்த ஆஸ்பத்திரி, எந்த நேரம் போனால் கூட்டம் இருக்காது, என்ன கேட்பார்கள் என்று நான் சொல்லித் தருகிறேன். அவள் அம்மாவுக்குப் பதிலாக நான் கையெழுத்துப் போட முடியாது, ஆனால் அவள் கேட்டால் அவள் அம்மாவிடம் போய்ப் பேசுவேன். ஒரு நர்ஸ் சொன்னால் சில அம்மாக்கள் கேட்பார்கள்.

அப்பாவிடம் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் பேனாவை வாங்கி, அந்தத் தாளில் என் கையெழுத்துக்குக் கீழே அவரும் போட்டுவிட்டார். உன் கணக்கில் இரண்டாயிரம் ரூபாய் போட்டிருக்கிறோம். எதற்குச் செலவானது என்று கணக்கு சொல்ல வேண்டாம். தாளை ஹாஸ்டல் அலமாரியில் வைக்காதே, பர்ஸில் வை. போட்டோவும் எடுத்துக்கொள். அடுத்த வாரம் நீ ஓ.பி.க்குப் போவதாக இருந்தால் காலையில் எட்டு மணிக்கே போய்விடு, பத்துக்கு மேல் வரிசை வாசல் வரை வந்துவிடும்.

அன்புடன்,
அம்மா